தெரியாதக்கா

அவரைப் போல அவ்வளவு சந்தோஷமாகத் 'தெரியாது' என்று சொன்ன இன்னொரு மனிதரை நான் கண்டதில்லை. நாங்களெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லும்போது தோளைக் கொஞ்சம் குறுக்குவோம். குரல் தானாகத் தாழும். அவர் நிமிர்ந்து நிற்பார். கண் விரியும். யாரோ இனிப்புத் தட்டை நீட்டியதுபோல முகம் மலரும். "தெரியாது!" என்பார்.

டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்திலிருந்து லைற் ரெயிலில் அரை மணித்தியாலம் போனால் வருகிற ஒரு சின்ன ஊர். அதில் ஒரு சின்ன அருங்காட்சியகம். வயோதிபர் இல்லத்தில் பதினாறு வருடம் ஆட்களைத் தூக்கித் தூக்கி என் முதுகு போனபிறகு, கொம்யூன்காரர், அதாவது நகரசபைக்காரர், எனக்கு அங்கே பாரமில்லாத ஒரு வேலை எடுத்துத் தந்தார்கள். மண்டபத்தில் ஒரு கதிரையில் இருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிகளை ஒருவரும் தொடாமல் பார்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அந்த வருடம் அங்கே ஒரு கண்காட்சி வந்தது. பால்டிக் கடலின் கிழக்குக் கரையில், இன்றைக்கு லித்துவேனியா, லத்வியா என்று சொல்கிற இடங்களில், ஆயிரம் வருடத்துக்கு முன்னும் அதற்கு முன்னும் வாழ்ந்த பால்ட் மக்களின் சாமான்கள். வெண்கலக் கழுத்து வளையங்கள், தலைத்துணியில் கோத்த சுருள்கள், மரப்பிசின் கல்லாகிப்போன அம்பர் மணிகள், குதிரையோடு சேர்த்துப் புதைத்த கடிவாளம். அவற்றைச் சனங்களுக்கு விளங்கப்படுத்துவதற்கென்று ஒரு வருட ஒப்பந்தத்தில் இவரை எடுத்தார்கள். லித்துவேனியாக்காரி. ஊரில் படித்தது அகழ்வாராய்ச்சி. டென்மார்க்கில் முதல் மூன்று வருடம் பார்த்தது காளான் பண்ணையில் காளான் பிடுங்கும் வேலை. என்னைவிட ஆறு வயது மூப்பு.

நாங்கள் இருவரும் டெனிஷில்தான் கதைத்தோம். அவருடைய டெனிஷும் என்னுடைய டெனிஷும் ஓரிடத்தில் சந்தித்தால், பக்கத்தில் நிற்கிற டெனிஷ்காரர் மெல்ல விலகிப் போய்விடுவார். அதனால் அவர் சொன்னவற்றை இங்கே என் வீட்டுத் தமிழில்தான் எழுதுகிறேன்.

அவருக்குப் பெயர் வைத்தது என் வீட்டுக்காரர். நான் வேலையால் வந்து, இன்றைக்கு அந்த அக்கா இத்தனை தரம் தெரியாது சொன்னவ என்று கதை சொல்லச் சொல்ல, ஒருநாள் அவர் கேட்டார்: "என்னவாம் உம்மடை தெரியாதக்கா?" அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

முதன்முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வெண்கலச் சாமான். ஒரு பக்கத்தில் மூன்று பல்லு. ஒரு பெண்பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, இது என்ன என்று கேட்டாள். இவர் முழங்காலில் இருந்து அவளுடைய உயரத்துக்கு வந்தார்.

"தெரியாது!"

"இதிலை சடங்குப் பொருள் எண்டு எழுதியிருக்கே" என்றாள் அந்தக் கெட்டிக்காரி.

"அதுவும் தெரியாதுதான். படிச்ச ஆக்கள் தெரியாது எண்டதை அப்பிடித்தான் எழுதுவினம்."

கூட வந்த ஆசிரியை இருமினார். அதற்குள் இவர் ஒரு கொப்பியைத் திறந்துவிட்டார். யார் யார் என்ன நினைக்கிறீர்கள்? பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள். தலை வாருகிறது. மீன் குத்துகிறது. முதுகு சொறிகிறது. எல்லாவற்றையும் சொன்னவரின் பெயரோடு எழுதினார். முதுகு சொறிகிற கருத்தைப் பரிசோதிக்க, அதே அளவில் செய்த மாதிரி ஒன்றை எடுத்துத் தன் முதுகுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எனக்குக் கை எட்டுதில்லை. ஆனால் அவையளின்ரை கை நீளமாயும் இருந்திருக்கலாம். தெரியாது!"

அந்த வகுப்பு அன்றைக்கு ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வீட்டுக்குப் போனது.

பால்ட் பெண்கள் போட்டதுபோல வெண்கலச் சுருள் கோத்த ஒரு நீலச் சால்வையும் அவரிடம் இருந்தது. பார்க்க வருகிறவர்களின் தோளில் அதைப் போட்டுவிடுவார். போட ஒருவரும் இல்லாத நேரம் தானே போட்டுக்கொள்வார். நடந்தால் சலங்கை போலச் சிணுங்கும். ஒருமுறை கழற்ற மறந்து அதோடேயே கடைக்குப் போய்ப் பாலும் உருளைக்கிழங்கும் வாங்கி வந்தார். இது டென்மார்க். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அதுதான் தனக்குக் கவலை என்றார்.

ஆனால், எந்தத் தெரியாதுக்கும் அவர் சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தது பிழை. அதைக் கம்பளி நாளில்தான் அறிந்தேன்.

ஒரு வயதான சோடி வந்திருந்தது. அம்பர் மணிகளை எந்த நூலில் கோத்தார்கள் என்று ஆண் கேட்டார். இவருடைய முகம் வாடிவிட்டது. "அது எனக்குத் தெரியாது" என்றார், பிடிபட்ட கள்ளனைப் போல. "ஆனால் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். ஒரு நிமிஷம்." மேல் மாடிக்கு ஓடினார். அங்கேதான் அவருடைய புத்தகங்களும் அறிக்கைகளும். அவர் இறங்கி வருவதற்குள் அந்தச் சோடி போய்விட்டது.

"எங்கை அவை?"

"ரெயிலுக்குப் போயிற்றினம்" என்றேன்.

என் சைக்கிள் பூட்டின் திறப்பைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடினார். என்னைவிட ஒரு முழம் உயரமானவர். என் சைக்கிளில் அவருடைய முழங்கால் காதுவரை வந்துபோனதை யன்னலால் பார்த்தேன். தோளில் அந்தச் சால்வை வேறு, சிணுங்கிக்கொண்டு. பிறகு நடந்ததை அவரே சொன்னார். ரெயில் கதவு மூடப்போகிறது. இவர் கைகாட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறார். அருங்காட்சியகத்து ஆள் துரத்திக்கொண்டு வருவதைக் கண்ட அந்தப் பாவி மனிதர், தான் எதையோ களவெடுத்துவிட்டதாக நினைக்கிறார்கள் என்று பயந்து, இரண்டு சட்டைப்பையையும் வெளியே இழுத்துக் காட்டினாராம். கதவு மூடிவிட்டது. இவர் கண்ணாடியில் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறார்:

"கம்பளி! ஆட்டுக் கம்பளி!"

அடுத்த நாள் எங்கள் பொறுப்பாளர் அம்மா ஊழியர்களுக்கு ஒரு புது விதி எழுதி ஒட்டினார். பார்வையாளர்களைக் கட்டடத்துக்கு வெளியே துரத்தக்கூடாது.

"உலகத்திலை ஒருத்தருக்கும் தெரியாதது ஒண்டு இருக்குது" என்று தெரியாதக்கா எனக்கு விளங்கப்படுத்தினார். "அது சொத்து. எனக்கு மட்டும் தெரியாதது வேறை. அது வெறும் சோம்பேறித்தனம்."

என் வீட்டுக்காரரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். காற்றாலைக் காற்றாடி செய்கிற தொழிற்சாலையில் வேலை. அவருக்குத் தெரியாதது என்று ஒன்றும் இல்லை. வழி தெரியும், வருத்தங்களுக்கு மருந்து தெரியும், எந்தச் சொல் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று தெரியும். அப்படிப்பட்டவர் இருக்கிற வீட்டுக்கு நான் தெரியாதக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் யோசித்தேன்.

புட்டும் மீன்குழம்பும் வைத்தேன். அவர் கையால் சாப்பிட்டார். இரண்டாம் தரம் குழம்பு விட்டுக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"உங்கட மொழியிலை எங்கட சொல்லுகள் கிடக்குதாம். யூடியூப்பிலை பாத்தனான்."

"சமஸ்கிருதத்தோடை சொந்தம் இருக்கு. நெருப்புக்கு நாங்கள் உக்னிஸ் எண்டு சொல்லுறது. அங்கை அக்னி."

"பாத்தீரே!" என்று என்னைப் பார்த்தார். "அக்கினி. எங்கட சொல்லு."

"அது வடமொழிச் சொல்லப்பா. எங்கட சொல்லு நெருப்பெல்லோ" என்றேன்.

அவர் அதைக் காதில் விழுத்தவில்லை. "அப்ப உங்கட ஆக்களும் தமிழரும் அந்தக் காலத்திலை சந்திச்சிருக்கினம்."

"அதுக்கு ஒரு சான்றும் இல்லை" என்றார் இவர்.

"சந்திக்கேல்லை எண்டு தெரியுமோ?"

"தெரியாது!" பழைய சந்தோஷம்.

"தெரியாதெண்டால் சந்திச்சிருக்கலாம் எண்டுதானே கருத்து?"

"இல்லை. தெரியாதெண்டால் தெரியாதெண்டுதான் கருத்து."

என் மகள் புட்டை வாயில் வைத்தபடி சிரித்துப் புரையேறி, டெனிஷில், "அப்பா, ஒன்றுக்குப் பூச்சியம்" என்றாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அவளுக்குத் தெரியாதக்காவைப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய பார்வை என் கழுத்துக்கு வந்தது. தாலியைப் பார்க்கலாமா என்று கேட்டார். வெளியே எடுத்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் வளைந்து மேலே போகிற கொம்பு போல. நடுவில் முடிச்சுப் போல ஒரு மொழி.

"இந்த நடுவிலை இருக்கிறது என்ன?"

நான் தாலியைத் திருப்பிப் பார்த்தேன். அப்போது அதை நான் இருபத்திரண்டு வருடமாகப் போட்டிருக்கிறேன். குளிக்கும்போது, சமைக்கும்போது, ஆட்களைத் தூக்கும்போது எல்லாம் கழுத்தில் கிடந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியாது.

"சிவலிங்கம்" என்றார் வீட்டுக்காரர், ஒரு விநாடிகூடத் தாமதிக்காமல்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. கோல்டிங்கில் இருக்கிற மச்சாளுக்கு, வீட்டுக்காரரின் தங்கைக்கு, போன் எடுத்தேன். "அது பிள்ளையாற்றை தும்பிக்கையெல்லோ" என்றாள். அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிற என் சின்னம்மாவுக்கு எடுத்தேன். அவர்தான் அந்தத் தாலியைச் செய்விக்கக் கூடப் போனவர். "ஒண்டுமில்லை பிள்ளை. தட்டாற்றை அச்சு அப்பிடி" என்றார்.

தெரியாதக்கா கொப்பியை எடுத்து மூன்றையும் எழுதினார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்:

"நீர் உயிரோடை இருக்கிறீர். உமக்கு வாய் இருக்கு, போன் இருக்கு, சொந்தக்காரர் இருக்கினம். அப்பிடியும் ஒரு அங்குல நகையைப் பற்றி மூண்டு கதை. மண்ணுக்குள்ளை தனியக் கிடந்தவளைப் பற்றி நான் என்னெண்டு சொல்லுறது?"

அவர் யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். கண்காட்சியின் நடுப்பெட்டி. ஒரு புதைகுழியில் கிடைத்த மூன்று கழுத்து வளையங்களும், தலையணியும், அம்பர் மாலையும். எங்கள் பொறுப்பாளர் அம்மா அதைப் பெரிய சுவரொட்டியாக அடித்து ஊர் முழுக்க ஒட்டியிருந்தார். 'அம்பர் இளவரசி.' சனம் வந்ததே அந்தச் சுவரொட்டியால்தான்; அதை மறுக்க முடியாது. இலையுதிர் கால விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொம்யூன் ஆட்களும் குடும்பங்களும் வருவார்கள். அன்றைக்கு இளவரசியின் கதையைத் தெரியாதக்கா பத்து நிமிடம் சொல்ல வேண்டும். கதையைப் பொறுப்பாளர் அம்மாவே எழுதிக் கொடுத்துவிட்டார். குலத் தலைவனின் ஒரே மகள். இந்தக் கரையிலிருந்து கப்பலில் போன ஒரு டெனிஷ் இளைஞன். அவன் கொடுத்த அம்பர். அவன் திரும்பி வரவில்லை. அவள் ஏங்கிச் செத்தாள்.

நல்ல கதை. நானே அதை இரண்டு தரம் வாசித்தேன்.

"இதிலை ஒண்டும் தெரியாது" என்றார் தெரியாதக்கா. "எலும்பே மிச்சமில்லை. பெண் எண்டுறதே நகையைப் பாத்துச் சொல்லுறதுதான். அம்பர் எந்தக் கரையிலை எடுத்தது எண்டும் சொல்லேலாது. இந்தக் கரையிலையும் அதே அம்பர்தான் ஒதுங்குது."

அந்தக் கிழமைதான் அவருடைய ஒப்பந்தத்தை நீடிப்பதா என்று தீர்மானிக்க இருந்தார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் காளான் பண்ணைக்குத் திரும்பிப் போவதை என்னால் நினைக்க முடியவில்லை.

"அக்கா, பத்து நிமிஷம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுங்கோவன். செத்தவ வந்து கேக்கப்போறாவே?"

"கேக்கமாட்டா" என்றார். "அதுதான் பிரச்சினை."

எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்குப் பின்னேரம்வரை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் மகளும்கூட வந்து மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். தெரியாதக்கா சால்வையோடு வந்து நின்று, கதையைத் தொடக்கம் முதல் கடைசிவரை வாசித்தார். பொறுப்பாளர் அம்மா எழுதியதைவிட அழகாக வாசித்தார். கப்பல் மறைகிற இடத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி எடுத்தார். பொறுப்பாளர் அம்மா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

அப்போது தெரியாதக்கா அதே கதையைப் பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு தாளைச் சுவரில் ஒட்டினார். கறுப்புப் பேனை ஒன்றை எடுத்தார்.

"வடிவான கதை. இனி, இதிலை எது தெரியும் எண்டு பாப்பம். குலத் தலைவன். தெரியாது." கோடு இழுத்தார். "ஒரே மகள். தெரியாது. கப்பல். தெரியாது."

நாலாவது கோட்டில் ஒரு பிள்ளை அவரோடு சேர்ந்து சொன்னது. ஆறாவதில் மண்டபத்தில் இருந்த எல்லாப் பிள்ளைகளும். "காதலன்?" என்று அவர் கேட்கிறார், "தெரியாது!" என்று கூரை அதிர்கிறது. கைலேஞ்சி எடுத்த பெண்ணும் கத்தினார். என் மகளின் குரல் தனியாகக் கேட்டது. கடைசியில் தாளில் மிஞ்சியவை நாலு சொற்கள்: அவள், கழுத்தில், வளையம், அணிந்திருந்தாள். "அவள் எண்டதுக்கு ஒரு கேள்விக்குறி போடுவம்" என்று போட்டார்.

பின்னால் இருந்து ஒருவர் எழும்பினார். "அப்ப உங்களுக்கு என்னதான் தெரியும்? இதைக் கேக்கவோ நாங்கள் வந்தனாங்கள்?"

பொறுப்பாளர் அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்கோ" என்று அந்த மனிதரைக் கைகாட்டி நடுப்பெட்டிக்கு அழைத்தார் தெரியாதக்கா. ஒரு சின்ன லைற்றை ஒரு வளையத்தின் மேல் பிடித்தார். "இந்த இடத்தைப் பாருங்கோ. முறிஞ்சிருக்கு. ஆரோ மெல்லிய கம்பி சுத்தி ஒட்டியிருக்கினம். இப்ப அந்தக் கம்பியைப் பாருங்கோ. அதின்ரை ஒரு பக்கம் தேய்ஞ்சு மழமழப்பாய் இருக்கு. கழுத்திலை உரஞ்சித்தான் அப்பிடித் தேயும். முறிஞ்சது. திருத்திக் குடுத்திருக்கினம். திருத்தினதை எறியாமல், பிறகும் கன காலம் போட்டிருந்திருக்கினம். இது தெரியும்."

அந்த மனிதர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பின்னால் ஒரு வரிசை உருவாகத் தொடங்கியது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் கை உயர்த்தினார். தமிழும் அக்கினியும் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அந்தக் கம்பி அவ்வளவு தேயிறதுக்கு எத்தினை வருஷம் எடுக்கும்?"

தெரியாதக்காவின் முகம் வாடியது. எனக்கு அந்த முகம் தெரியும். "அது எனக்குத் தெரியாது" என்றார். "ஆனால் தெரிஞ்ச ஆக்கள் இருக்கலாம். ஒரு நிமிஷம்."

கொம்யூன் ஆட்களையும் பொறுப்பாளரையும் மண்டபம் நிறைந்த சனத்தையும் அப்படியே விட்டுவிட்டு, சால்வை சிணுங்க மேல் மாடிக்கு ஓடிவிட்டார்.

பொறுப்பாளர் அம்மா குடிக்கக் கோப்பி இருக்கிறது என்று அறிவித்தார். ஒருவரும் கோப்பிக்குப் போகவில்லை. கால் மணித்தியாலம் காத்திருந்தார்கள். பிறகு படியில் சத்தம் கேட்டது. தலைமயிர் கலைந்து, மூச்சு வாங்க, கையில் இரண்டு புத்தகத்தோடு அவர் வாசலில் வந்து நின்றார்.

"தேடிப் பாத்திட்டன்!" என்றார். "ஒருத்தருக்கும் தெரியாது!"

அப்படிக் கைதட்டியதை நான் அந்த மண்டபத்தில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பலமாகத் தட்டியது என் வீட்டுக்காரர். நாலு நாளாக வீட்டில் அதே கதை: "நான் கேட்ட கேள்விக்கு உலகத்திலை ஒருத்தருக்கும் பதில் தெரியாது!"

ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. டென்மார்க்கில் இப்படியான செய்தியை மிக இனிமையாகச் சொல்வார்கள். கேக் வெட்டினோம், கேக்கில் சின்னக் கொடி குத்தியிருந்தது. அவருடைய பாணி அருங்காட்சியகம் போகிற திசைக்குப் பொருந்தவில்லை என்று பொறுப்பாளர் அம்மா சொன்னார். சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியது, அது நடிப்பில்லை. நான் கேக்கைத் தொடவில்லை. சாமான்கள் பஞ்சில் பொதிந்து கப்பல் ஏறின. தெரியாதக்கா டென்மார்க்கின் மேற்குக் கடற்கரைப் பக்கம் வேலை கிடைத்துப் போனார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கோடையில் அவரைப் பார்க்கக் காரில் போனோம். கடற்கரையில் உல்லாசப் பயணிகளுக்கு அம்பர் விற்கிற ஒரு சின்னக் கடை. கடைக்காரர் கல்லாவில் இருந்தார். இவர் மேசையில் மணி கோத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கட்டிப்பிடித்தார். வீட்டுக்காரரும் மகளும் வெளியே ஐஸ்கிரீம் வரிசையில் நின்றார்கள். பெட்டிகளில் கடைக்காரர் எழுதிய சீட்டுகளை நான் வாசித்தேன். மன அமைதிக்கு. நித்திரைக்கு. மூட்டு நோவுக்கு. இந்தச் சீட்டுகளுக்கு நடுவில் இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒரு டெனிஷ்கார அம்மா வந்துவிட்டார். எண்பது வயது இருக்கும். விரல் மொழிகள் எல்லாம் வீங்கி ஒரு பக்கம் சரிந்திருந்தன. மூட்டு நோவுப் பெட்டியிலிருந்து ஒரு கைச்சங்கிலியைச் சிரமப்பட்டு எடுத்தார்.

"உண்மையாய் இது நோவைக் குறைக்குமோ?" என்று இவரிடம் கேட்டார்.

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஓம் எண்டு சொல்லுங்கோ அக்கா, இந்த மனிசிக்காவது ஓம் எண்டு சொல்லுங்கோ என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"தெரியாது" என்றார். அருங்காட்சியகத்தில் சொன்னது போல இல்லை, மெதுவாக.

பிறகு மேசையில் கிடந்த, இன்னும் தீட்டாத ஒரு அம்பர்க் கட்டியை எடுத்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்துவிட்டார். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"கல்லெண்டால் குளிரும். இது குளிராது. கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தால் உங்கட சூட்டை வாங்கி வைச்சுக்கொள்ளும். அது தெரியும்."

அந்த அம்மா கண்ணை மூடினார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள்.

"ஓம்" என்றார் அந்த அம்மா கொஞ்ச நேரத்தில். "சூடாய்த்தான் இருக்கு."

ஆனால் கையைத் திறக்கவில்லை. இவரும் தன் கையை எடுக்கவில்லை.